செலினைட் பிராத்தில் ஈ.கோலை அடங்குகிறது, ஆனால் ஈ.கோலைக்கே செலினியம் வேண்டுமாம். யாராவது விளக்குங்க

தொப்பூர்க்கணவாய்:

வணக்கம். தருமபுரியில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி கடைசி வருடம். அடுத்த மாதம் செமினார் இருக்கிறது, ஒரு விஞ்ஞானியின் ஆராய்ச்சியை எடுத்துக்கொண்டு முழுசாகப் பேச வேண்டும். எல்லாரும் கிரிஸ்பர், நானோ என்று எடுத்துவிட்டார்கள். நான் த்ரெஸா ஸ்டாட்மன் என்கிற பெண் விஞ்ஞானியை எடுத்தேன், பாக்டீரியா புரதத்தில் செலினியம் இருப்பதைக் கண்டுபிடித்தவர் என்று பாடப்புத்தகத்தில் ஒரே ஒரு வரி இருந்தது, அந்த ஒரு வரிதான் காரணம், வேறு காரணம் இல்லை. இப்போது படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது.

முதல் குழப்பம் இது. சால்மோனெல்லா பிரிக்க நாங்கள் லேபில் செலினைட் எஃப் பிராத், அதாவது செலினியத்தின் உப்பு கலந்த வளர்ப்புத் திரவம் போடுவோம். அதில் செலினைட் எதற்கு என்று வைவாவில் கேட்டால் "கோலிஃபார்மை அடக்க" என்று, அதாவது ஈ.கோலை மாதிரிக் குடல் பாக்டீரியாவை அடக்க என்று சொல்ல வேண்டும், அதுதான் மார்க். ஆனால் அதே ஈ.கோலைக்கு செலினியம் இல்லாவிட்டால் சில என்சைம்களே வேலை செய்யாது என்று இப்போது படிக்கிறேன். விஷமா, தீனியா?

இரண்டாவது, யு.ஜி.ஏ. என்பது ஸ்டாப் கோடான், அதாவது புரதம் இங்கே முடிகிறது என்று ஜீனில் இருக்கும் குறி. அந்த இடத்தில் ரைபோசோம் (புரதம் கட்டும் இயந்திரம்) நிற்காமல் செலினோசிஸ்டீனை, அதாவது சிஸ்டீனில் கந்தகத்துக்குப் பதில் செலினியம் இருக்கிற அமினோ அமிலத்தைச் சேர்க்கிறது என்றால், மற்ற ஆயிரக்கணக்கான ஜீன்களில் அதே யு.ஜி.ஏ. வரும்போது மட்டும் எப்படி ஒழுங்காக நிற்கிறது? இதைக் கேட்டால் எங்கள் வகுப்பில் "அதுக்குத் தனி டி.ஆர்.என்.ஏ. இருக்கு" என்பதோடு முடித்துவிடுகிறார்கள். அமினோ அமிலத்தைச் சுமந்து வருவது டி.ஆர்.என்.ஏ., அப்படித் தனியாக ஒன்று இருந்தால் அது எல்லா யு.ஜி.ஏ.விலும் போய் உட்காராதா?

மூன்றாவது, போன வாரம் ஒரு ஜூனியர் செலினைட் கலந்த பிராத்தில் ஏதோ ஒரு மண் பாக்டீரியாவை வளர்த்தாள், டியூப் முழுக்கச் செங்கல் சிவப்பாக மாறிவிட்டது. அதை போட்டோ எடுத்து "இதோ செலினியப் புரதம்" என்று ஸ்லைடில் போடலாமா? பார்க்க நன்றாக இருக்கும்.

தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்க. தமிழிலேயே சொன்னால் இன்னும் நல்லது, ஆங்கிலத்தில் படித்து மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறேனே தவிர உள்ளே இறங்கவில்லை.

---

பாலக்கோட்டுக்காரன்:

தங்கச்சி, முதலில் அந்தச் சிவப்பு டியூபை ஸ்லைடில் போடாதே. அது புரதம் இல்லை, அது வெறும் செலினியம். செலினைட் உப்பை பாக்டீரியா எலெக்ட்ரான் கொடுத்துத் தனிமமாக மாற்றித் தள்ளிவிடுகிறது, அந்தத் துகள்தான் சிவப்பு. பெரும்பாலும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அப்படிச் செய்யும், சில பாக்டீரியாக்கள் ஆக்சிஜன் இல்லாத இடத்தில் செலினேட்டையோ செலினைட்டையோ வைத்தே மூச்சு விடுகின்றன, தாவேரா செலினேட்டிஸ் என்று ஒன்று அந்தக் காரணத்தாலேயே அந்தப் பெயர் வாங்கியது. ஸ்டாட்மன் பார்த்தது முற்றிலும் வேறு விஷயம், அங்கே டியூபில் நிறமே மாறாது, கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. நான் பெங்களூரில் புரதக் கிரிஸ்டல் லேபில் இருக்கிறேன், செலினியத்தோடு தினமும் புழங்குகிறவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

கதையை 1954இல் ஆரம்பி. ஜேன் பின்சென்ட் என்பவர், ஈ.கோலை வகை பாக்டீரியாக்கள் ஃபார்மேட்டை (ஃபார்மிக் அமிலத்தின் உப்பு) உடைக்கிற ஃபார்மேட் டிஹைட்ரோஜினேஸ் என்கிற என்சைமை உருவாக்க வேண்டுமென்றால் வளர்ப்பு ஊடகத்தில் செலினைட்டும் மாலிப்டேட்டும் (மாலிப்டினம் உலோகத்தின் உப்பு) துளியளவு வேண்டும் என்று எழுதினார். மூன்று வருடம் கழித்து 1957இல் ஷ்வார்ஸும் ஃபோல்ட்ஸும் எலிகளின் கல்லீரல் செத்துப்போவதை செலினியம் தடுக்கிறது என்று காட்டினார்கள். அதுவரை செலினியம் என்றால் மாடுகளைக் கொல்லும் விஷம், அவ்வளவுதான் எல்லாருக்கும் தெரியும். ஆக "வேண்டும்" என்பது தெரிந்துவிட்டது. எங்கே போய் உட்காருகிறது, என்ன வடிவத்தில் உட்காருகிறது என்பது பதினைந்து வருடத்துக்கு மேல் யாருக்கும் தெரியாது.

ஸ்டாட்மன் செலினியத்தைத் தேடிப் போகவில்லை. இதை செமினாரில் கண்டிப்பாகச் சொல். அமெரிக்காவில் பெதஸ்டாவில் இருக்கும் என்.ஐ.எச். என்கிற அரசு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் அவர் வருடக்கணக்காகப் பிடித்துக்கொண்டிருந்தது கிளைசீன் ரிடக்டேஸ். கிளாஸ்ட்ரிடியம் ஸ்டிக்லேண்டி என்கிற காற்றே ஆகாத ஒரு பாக்டீரியா, சர்க்கரையைத் தொடாமல் அமினோ அமிலங்களைத் தின்று பிழைக்கும், கிளைசீனை அசிடேட்டாகவும் அம்மோனியாவாகவும் உடைத்து அதிலிருந்து ஏ.டி.பி.யை (உயிரணுவின் எரிபொருள்) சம்பாதிக்கும். அந்த வேலையைச் செய்வது ஒரே புரதம் இல்லை, சில புரதங்கள் சேர்ந்த கூட்டணி. அதில் ஒன்று ரொம்பச் சின்னது, பன்னிரண்டாயிரம் டால்டன் அளவுதான், அதற்குப் பெயர்கூட "புரதம் ஏ" என்றுதான் வைத்திருந்தார்கள். இந்தச் சின்னப் புரதம் சில வளர்ப்புகளில் இருக்கும், சிலவற்றில் காணாமல் போகும். ஊடகத்தில் செலினைட்டைச் சேர்த்தால் திரும்பி வந்துவிடும். கதிரியக்கமுள்ள செலினியம் 75ஐக் கொடுத்து வளர்த்துப் பார்த்தபோது அந்தக் கதிரியக்கம் நேராக புரதம் ஏ-யில் போய் உட்கார்ந்திருந்தது. 1973இல் டர்னரும் ஸ்டாட்மனும் சேர்ந்து வெளியிட்டார்கள். அதே வருடம்தான் விலங்குகளின் குளூட்டதயோன் பெராக்சிடேஸ் என்கிற என்சைமிலும் செலினியம் இருக்கிறது என்று வேறு குழுக்கள் காட்டின.

ஆனால் எனக்கு ஸ்டாட்மனிடம் பிடித்தது 1973 இல்லை, 1976. செலினியம் இருக்கிறது என்று சொல்வது ஒன்று, எந்த மூலக்கூறாக இருக்கிறது என்று நிரூபிப்பது வேறு. செலினோசிஸ்டீன் காற்று பட்டாலே ஆக்சிஜனேற்றம் ஆகும், புரதத்தை அமிலத்தில் வேகவைத்து அமினோ அமிலங்களைப் பிரிக்கிற வழக்கமான முறையில் அது சிதைந்தே போய்விடும். அதனால் முதலில் புரதத்தை ஒடுக்கி (ரெடியூஸ் செய்து), செலினியத்தின் முனையில் ஒரு மூடி போடுகிற மாதிரி ஆல்கைல் குழுவை ஒட்டி, அதற்குப் பிறகுதான் உடைத்தார்கள். உடைத்ததில் கிடைத்ததை, தாங்களே வேதியியல் முறையில் தயாரித்து வைத்திருந்த செலினோசிஸ்டீன் வழிப்பொருட்களோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். ஒன்றில்லை, வேறு வேறு மூடி போட்டு ஒன்றுக்கு மேற்பட்ட வழிப்பொருட்களில் ஒப்பிட்டார்கள். எல்லாமே பொருந்தியது. இந்தப் பகுதியைத்தான் பாடப்புத்தகம் "கண்டறியப்பட்டது" என்ற ஒரே சொல்லில் விழுங்கிவிடுகிறது. நீ இங்கேதான் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது உன் யு.ஜி.ஏ. கேள்வி. உன் வகுப்பு சொன்னது பாதி பதில், உன் சந்தேகம் சரியான சந்தேகம். 1976இல் எல்லாரும் நினைத்தது, புரதம் முழுசாக உருவான பிறகு யாரோ சிஸ்டீனில் இருக்கும் கந்தகத்தை எடுத்துவிட்டு செலினியத்தை மாட்டுகிறார்கள் என்று. பத்து வருடம் கழித்து 1986இல் மியூனிக்கில் ஆகஸ்ட் பெக் குழு ஈ.கோலையின் ஃபார்மேட் டிஹைட்ரோஜினேஸ் ஜீனைப் படித்தபோது நட்டநடுவில் ஒரு யு.ஜி.ஏ. இருந்தது, அதைத் தாண்டியும் புரதம் போகிறது. எலியின் குளூட்டதயோன் பெராக்சிடேஸ் ஜீனிலும் அதே வருடம் அதே கதை. பெக்கின் அந்தக் கட்டுரையில் ஸ்டாட்மனும் ஒரு ஆசிரியர், இதைக் கவனி, இரண்டு லேபும் சேர்ந்த இடம் அது.

அப்புறம் பெக் குழு நான்கு ஜீன்களைப் பிடித்தது: செல் ஏ, செல் பி, செல் சி, செல் டி (இங்கே செல் என்பது செலினியத்தின் சுருக்கம், உயிரணு இல்லை). பிடித்த முறை அழகானது. தட்டில் வளர்ந்த காலனிகள் மேல் ஃபார்மேட்டும் பென்சைல் வயலோஜன் சாயமும் கலந்த அகாரை ஊற்றினால், என்சைம் வேலை செய்கிற காலனி ஊதா நிறமாகும், வேலை செய்யாதது வெள்ளையாகவே நிற்கும். அந்த வெள்ளைக் காலனிகளைப் பொறுக்கி எடுத்து எது கெட்டிருக்கிறது என்று தேடுவதுதான் வேலை. செல் சி தான் உன் தனி டி.ஆர்.என்.ஏ. அதன் மேல் முதலில் ஏறுவது செலினோசிஸ்டீன் இல்லை, சாதாரண செரீன். டி.ஆர்.என்.ஏ. மேலேயே வைத்து அந்த செரீனை செலினோசிஸ்டீனாக மாற்றுவது செல் ஏ. அதற்கு வேண்டிய செலினோபாஸ்பேட்டைத் தயாரித்துக் கொடுப்பது செல் டி.

முக்கியமான ஆள் செல் பி. புரதச் சங்கிலி வளரும்போது மற்ற டி.ஆர்.என்.ஏ.க்களை ரைபோசோமுக்குக் கூட்டிப் போவது ஈ.எஃப்.டி.யு. என்கிற புரதம், அது இந்த டி.ஆர்.என்.ஏ.வைத் தொடாது. இதற்கென்று இருப்பது செல் பி மட்டும். அந்த செல் பி-யின் வால் பகுதி எம்.ஆர்.என்.ஏ.வில் (ரைபோசோம் படிக்கிற ஜீனின் நகல்) யு.ஜி.ஏ.வுக்கு அடுத்தாற்போலவே இருக்கும் ஒரு கொண்டை ஊசி மடிப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தொப்பூர்க் கணவாயில் வளைவு ஆரம்பிக்கும் இடத்தில்தானே லாரிக்காரர் கியரை மாற்றுவார், நேர் ரோட்டில் மாற்ற மாட்டார், அந்த மாதிரி. மடிப்பு இருக்கிற யு.ஜி.ஏ. என்றால் செலினோசிஸ்டீன், மடிப்பு இல்லாத யு.ஜி.ஏ. என்றால் நிறுத்தம். டி.ஆர்.என்.ஏ. தானாக எங்கேயும் போய் உட்கார முடியாததற்கு இதுதான் காரணம். மடிப்பு இருக்கும் இடத்திலும்கூடச் சில சமயம் ஆர்.எஃப்.2 என்கிற நிறுத்தும் புரதம் முந்திக்கொண்டு சங்கிலியை அறுத்துவிடும், அதனால்தான் ஈ.கோலையில் செலினியப் புரதத்தை அதிகமாக எடுப்பது இன்றைக்கும் தலைவலி.

நம் உடம்பிலும் இதே கதைதான், ஆனால் மடிப்பு யு.ஜி.ஏ.வுக்குப் பக்கத்தில் இல்லாமல் எம்.ஆர்.என்.ஏ.வின் கடைசியில், மொழிபெயர்க்கப்படாத பகுதியில் இருக்கும். மனிதனில் இப்படிப்பட்ட ஜீன்கள் 25 என்று 2003இல் கணக்கிட்டார்கள். ஈ.கோலையில் மூன்றுதான், மூன்றுமே ஃபார்மேட் டிஹைட்ரோஜினேஸ்கள். ஈஸ்ட்டில் ஒன்றுகூடக் கிடையாது, பூக்கும் செடிகளிலும் கிடையாது.

இன்னொரு குழப்பம் வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். செலினோமெத்தியோனின் என்று ஒன்றைப் படிப்பாய். அது வேறு. அங்கே தனி ஏற்பாடு எதுவுமே இல்லை, மெத்தியோனினை ஏற்றுகிற என்சைமுக்குக் கந்தகம் எது செலினியம் எது என்று வித்தியாசம் தெரியாது, கையில் கிடைத்ததை ஏற்றிவிடும். 1957இலேயே கோஹனும் கவியும் ஈ.கோலையை மெத்தியோனினுக்குப் பதில் செலினோமெத்தியோனின் கொடுத்தே வளர்த்துக் காட்டினார்கள். நாங்கள் லேபில் பிழைப்பதே இந்த ஏமாற்றில்தான்: மெத்தியோனின் தானாகச் செய்யத் தெரியாத பி834 மாதிரியான ரகத்துக்கு செலினோமெத்தியோனினைக் கொடுத்துப் புரதத்தை எடுத்துக் கிரிஸ்டல் போட்டால், செலினியம் எக்ஸ்ரேயில் தனியாகத் தெரிந்து அமைப்பைக் கண்டுபிடிக்க வழி காட்டும். ஹெண்ட்ரிக்சன் 1990இல் இந்த முறையைச் சொன்னார். ஆக ஒன்று ஜீன் கேட்டு வாங்குவது, மற்றது தவறி உள்ளே வருவது. கேள்வி நேரத்தில் இதைத்தான் குடைவார்கள்.

---

மாங்கூழ்:

பாலக்கோட்டுக்காரர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், ஆனால் உங்கள் கையிலேயே இருக்கிற ஒரு விஷயத்தை விட்டுவிட்டார். நான் கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் கம்பெனியில் க்யூ.சி. லேப். சீசனில், அதாவது தோத்தாபுரி வண்டி வண்டியாக வந்து இறங்குகிற நாளில், பழத்தைவிடத் தண்ணீரைத்தான் அதிகம் டெஸ்ட் பண்ணுவோம், கழுவுகிற தண்ணீர், பாய்லர் தண்ணீர், தொட்டித் தண்ணீர் என்று. எம்.பி.என்., அதாவது தண்ணீரில் கோலிஃபார்ம் எவ்வளவு என்று கணக்கிடும் சோதனை போடுவோம். மெக்கான்கி பிராத், உள்ளே கவிழ்த்த டர்ஹாம் குழாய். ராத்திரி இன்குபேட்டரில் வைத்துவிட்டுப் போனால் காலையில் ஊதா மஞ்சளாகியிருக்கும், அந்தக் குட்டிக் குழாயின் தலையில் ஒரு காற்றுக் குமிழி நிற்கும். குமிழி நின்றால் பாசிட்டிவ், சூப்பர்வைசர் முகம் மாறும்.

அந்தக் குமிழி என்ன தெரியுமா? ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும். ஈ.கோலை லாக்டோஸைப் புளிக்க வைக்கும்போது ஃபார்மேட் உண்டாகிறது, அந்த ஃபார்மேட்டை உடைத்தால்தான் வாயு. உடைக்கிற முதல் என்சைம் ஃபார்மேட் டிஹைட்ரோஜினேஸ் ஹெச். அதாவது அண்ணன் சொன்ன அதே செலினியப் புரதம், 140ஆவது இடத்தில் செலினோசிஸ்டீன். செலினியம் இல்லையென்றால் ஈ.கோலை வளரும், பிராத் மஞ்சளாகும், ஆனால் குமிழி வராது. பெக்கின் செல் ஜீன் கெட்ட ரகங்களுக்கு வாயு வராது என்பதும் இதனால்தான். நாங்கள் யாரும் பிராத்தில் செலினியம் போடுவதில்லை, பெப்டோனிலேயே ஒட்டிக்கொண்டு துளியூண்டு வந்துவிடுகிறது, அதுவே போதும்.

ஆகவே உங்கள் ஜூனியரின் சிவப்பு டியூபுக்குப் பதிலாக டர்ஹாம் குழாய்க் குமிழியை போட்டோ எடுத்துப் போடுங்கள். தினமும் பார்த்து நோட்டில் பிளஸ் போட்டுவிட்டுப் போகிற விஷயம். ஹாலில் இருக்கிற எல்லாரும் டிகிரி படிக்கும்போதே பார்த்திருப்பார்கள், அது செலினியம் என்று யாருக்கும் தெரியாது.

முதல் கேள்விக்கு நேராக வருகிறேன். எல்லாம் அளவுதான். செலினைட் எஃப் பிராத்தில் லிட்டருக்கு 4 கிராம் சோடியம் பைசெலினைட். என்சைமுக்காகப் போடுகிறவர்கள் போடுவது ஒரு மைக்ரோமோலார் அளவு. கணக்குப் போட்டுப் பாருங்கள், இருபதாயிரம் மடங்குக்கும் மேல் வருகிறது. அந்த அளவில் அது விஷம்தான், உங்கள் வைவா பதில் தப்பில்லை. அந்த பிராத்தை ஏன் ஆட்டோகிளேவ் பண்ணக்கூடாது என்றும் சேர்த்துப் படியுங்கள், சூடு அதிகமானால் செங்கல் சிவப்பாகப் படிந்துவிடும், பாக்டீரியா எதுவும் இல்லாமலே. அதாவது நிறம் வந்தாலே உயிர் செய்த வேலை என்றுகூடச் சொல்ல முடியாது.

---

ராயக்கோட்டை ரோஜா:

நான் சயின்ஸ் ஆள் இல்லை, பசுமைக்குடில் வைத்துப் பூ வளர்க்கிறேன், சும்மா படித்துக்கொண்டு வந்தேன். செலினியம் உடம்புக்கு நல்லது என்று எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஒருத்தர் மாத்திரை விற்கிறார். முடி கொட்டாதாம், தைராய்டுக்கும் நல்லதாம். இங்கே சொல்வதைப் பார்த்தால் வாங்கலாம் போல இருக்கிறதே? இன்னொன்று, மனுஷனுக்குப் பிரயோஜனம் இல்லாத சேற்றுப் பாக்டீரியாவுக்காக ஒரு அம்மா இத்தனை வருடம் செலவழித்தார் என்பதுதான் எனக்குப் புரியவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

---

ஊத்தங்கரை மாட்டு டாக்டர்:

ராயக்கோட்டை, மாத்திரையை வாங்காதீங்க. நம்ம தருமபுரி, கிருஷ்ணகிரி ஆட்களுக்கு இதை ஃப்ளோரைடு வைத்துச் சொன்னால் உடனே புரியும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மில்லிகிராம் வரை பரவாயில்லை, ஒன்றரையைத் தாண்டினால் பல்லில் பழுப்புக் கறை, அதற்கு மேல் போனால் எலும்பே வளையும். அதற்காகத்தானே ஒகேனக்கல் தண்ணீரை இவ்வளவு தூரம் குழாயில் கொண்டுவந்தார்கள். செலினியத்துக்கும் தேவைக்கும் விஷத்துக்கும் நடுவில் இடைவெளி சின்னதுதான். பெரியவர்களுக்கு நாளைக்குத் தேவை 55 மைக்ரோகிராம் என்று அமெரிக்கக் கணக்கு, உச்சவரம்பு 400. கிராம் இல்லை, மில்லிகிராமும் இல்லை, மைக்ரோகிராம். குடிதண்ணீரில் நம் நாட்டு வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம்தான், ஃப்ளோரைடுக்கு விட்டதில் நூறில் ஒரு பங்கு. முடி கொட்டாது என்று சொல்லி விற்கிறாராம், செலினியம் அதிகமானால் முதலில் கொட்டுவதே முடியும் நகமும்தான்! தைராய்டு என்சைமில் செலினியம் இருக்கிறது என்பது உண்மை, ஆனால் அது குறைவாக இருக்கிறதா என்று பார்க்காமல் அள்ளிப் போடுவது வைத்தியம் இல்லை.

மாட்டில் இரண்டு பக்கமும் உண்டு. குறைந்தால் கன்றுக்குத் தசை வெளுத்துப்போய் எழுந்து நிற்க முடியாத நோய் வரும், கன்று ஈன்ற பசுவுக்கு நஞ்சுக்கொடி விழாமல் தங்குவதற்கும் இது ஒரு காரணம், அதனால் செலினியத்தையும் வைட்டமின் ஈ-யையும் சேர்த்து ஊசி போடுவோம். அதிகமானால் வால் முடி கொட்டும், குளம்பு வெடித்துக் கழன்றுவிடும். பஞ்சாபில் நவான்ஷஹர், ஹோஷியார்பூர் பக்கம் சில கிராமங்களில் மண்ணிலேயே செலினியம் அதிகம், அங்கே தீவனம் தின்ற மாட்டுக்கு இது நேராகவே நடக்கிறது. சீனாவில் கேஷான் என்ற இடத்தில் மண்ணில் குறைவு, அங்கே மனிதர்களுக்கு இதய நோய் வந்தது.

பாப்பா, உன் செமினாருக்கு என் பக்கத்திலிருந்து ஒன்று. மாட்டுக்கு சோடியம் செலினைட் வாய் வழியாகக் கொடுத்தால் கோழி, பன்றி அளவுக்கு உடம்பில் ஏறாது. காரணம் முதல் இரைப்பையில் இருக்கிற பாக்டீரியாக்கள். அவை அதில் ஒரு பகுதியைக் கரையாத செலினியமாக மாற்றிவிடும், சாணியோடு போய்விடும். உன் ஜூனியர் டியூபில் பார்த்த அதே வேலை. அதனால்தான் செலினியம் ஈஸ்ட் என்று விற்கிறார்கள், அதில் பெரும்பங்கு செலினோமெத்தியோனினாக இருக்கும். ஈஸ்ட்டுக்குச் செலினியப் புரதம் செய்யத் தெரியாது என்று பாலக்கோட்டுக்காரர் மேலே சொன்னார் இல்லையா, அது தவறி ஏற்றிக்கொள்கிற பழக்கம் மட்டும் வைத்தே இந்த வியாபாரம் நடக்கிறது.

சேற்றுப் பாக்டீரியா எதற்கு என்று கேட்டதற்கு: அந்த ஊசி ஏன் வேலை செய்கிறது என்று எங்களுக்குக் காரணம் தெரிந்ததில் இந்த மாதிரி ஆராய்ச்சிக்கும் பங்கு உண்டு. அதற்கு முன்னால் கொடுத்தோம், சில சமயம் பிழைத்தது, அவ்வளவுதான் சொல்ல முடிந்திருக்கும்.

---

தொப்பூர்க்கணவாய்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டர்ஹாம் குழாய் விஷயம் எனக்கு சுத்தமாகத் தெரியாது, இன்றைக்குக் காலையில் லேபுக்குப் போனதும் முதலில் இன்குபேட்டரைத் திறந்து குமிழியைத்தான் பார்த்தேன். சிவப்பு டியூப் போட்டோவை எடுத்துவிட்டேன், ஜூனியருக்குக் கொஞ்சம் வருத்தம்.

பாலக்கோட்டு அண்ணா, இன்னும் ஒரே ஒரு கேள்வி. இத்தனை ஜீன், தனி டி.ஆர்.என்.ஏ., தனி செல் பி, மடிப்பு என்று இவ்வளவு செலவு செய்து செலினியத்தைப் போடுவானேன்? கந்தகம் எங்கும் கிடைக்கிறது, சிஸ்டீனே வைத்துக்கொண்டால் என்ன குறை? எங்கள் ஹெச்.ஓ.டி. கண்டிப்பாக இதைக் கேட்பார்.

---

பாலக்கோட்டுக்காரன்:

கேட்டால் நல்லது, ஏனென்றால் இதை யாரோ நேராகவே செய்து பார்த்துவிட்டார்கள். 1991இல் ஆக்ஸ்லி, பெக், ஸ்டாட்மன் மூவரும் ஈ.கோலையின் அதே ஃபார்மேட் டிஹைட்ரோஜினேஸில் செலினோசிஸ்டீனை எடுத்துவிட்டு சிஸ்டீனை வைத்தார்கள். ஒரே ஒரு அணு மாற்றம், செலினியத்துக்குப் பதில் கந்தகம். என்சைம் செத்துப்போகவில்லை, ஆனால் வேகம் சுமார் முந்நூறில் ஒரு பங்காக விழுந்துவிட்டது.

காரணத்தில் ஒரு பகுதி அமிலத்தன்மை. சிஸ்டீனின் கந்தக முனை தன் ஹைட்ரஜனை விடுவது பி.ஹெச். 8.3 சுமாருக்கு, செலினோசிஸ்டீன் 5.2 சுமாரிலேயே விட்டுவிடும். அதனால் செல்லுக்குள் இருக்கிற நடுநிலை பி.ஹெச்.இல் செலினியம் எப்போதும் எலெக்ட்ரான் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், சிஸ்டீன் பெரும்பாலும் மூடிக்கொண்டிருக்கும். 1997இல் இந்த என்சைமின் கிரிஸ்டல் அமைப்பு வந்தபோது செலினியம் நேராக மாலிப்டினத்தோடு பிணைந்திருப்பது தெரிந்தது, அந்தக் கட்டுரையிலும் ஸ்டாட்மன் பெயர் இருக்கிறது. பின்சென்ட் 1954இல் செலினைட், மாலிப்டேட் இரண்டும் வேண்டும் என்று சொன்னாரே, அந்த இரண்டும் புரதத்துக்குள் கைகோத்து நிற்பதை நாற்பத்து மூன்று வருடம் கழித்துக் கண்ணால் பார்த்தார்கள். ஸ்லைடில் இந்த இரண்டு வருடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போடு.

இன்னொரு வாதமும் இருக்கிறது. செலினியம் ஆக்சிஜனேற்றம் ஆனாலும் சுலபமாகத் திரும்பி வரும், கந்தகம் ஒரு கட்டத்துக்கு மேல் போனால் திரும்பாது, அதனால்தான் இயற்கை அதை வைத்துக்கொண்டது என்பார்கள். எனக்கு இது விலங்குகளுக்குப் பொருந்துகிற அளவுக்குக் காற்றே பார்க்காத கிளாஸ்ட்ரிடியத்துக்குப் பொருந்துமா என்று சந்தேகம். ஹெச்.ஓ.டி.யிடம் இரண்டு காரணத்தையும் சொல், ஆனால் அளந்து காட்டிய முந்நூறு மடங்கை முதலில் சொல். எல்லா பாக்டீரியாவும் செலினியத்தை இப்படிப் பயன்படுத்துவதில்லை, பெரும்பாலானவை சிஸ்டீனை வைத்தே காலத்தை ஓட்டுகின்றன என்பதையும் மறைக்காதே. மறைத்தால் அதைத்தான் அடுத்த கேள்வியாகக் கேட்பார்.

---

மாங்கூழ்:

ஒரு சின்ன விஷயம், செமினாருக்குச் சம்பந்தம் இல்லை. ஜூனியர் வைத்திருக்கிற அந்தச் சிவப்பு டியூபையும் மிச்ச செலினைட் பிராத்தையும் சிங்க்கில் ஊற்ற விடாதீர்கள். கலிஃபோர்னியாவில் கெஸ்டர்சன் என்ற நீர்த்தேக்கத்தில் வயல் வடிகால் தண்ணீர் வழியாகச் செலினியம் சேர்ந்து, 1983 வாக்கில் பறவைக் குஞ்சுகள் கண்ணில்லாமலும் காலில்லாமலும் பொரிந்தன. உங்கள் லேபில் கெமிக்கல் கழிவுக்குத் தனி கேன் இருந்தால் அதில் ஊற்றி, செலினியம் என்று லேபிள் ஒட்டச் சொல்லுங்கள். செலினைட் பவுடரை எடை போடும்போது கிளவுஸும் மாஸ்க்கும் போடச் சொல்லுங்க. பூண்டு வாசனை மாதிரி வந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வரச் சொல்லுங்க.